கிருமியை உண்ணும் கிருமி

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன், எழுந்து சென்று உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று அதில் கிடக்கக்கூடும். சென்ற மழைக்காலத்தில் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்தபோது மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததாக இருக்கும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டிருக்கும். ‘பிறகு உதவும்’ என்று உம்மா மீதியைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அடுத்த முறை யாருக்கேனும் உடம்பு சுட்டால், மருத்துவரைத் தேடாமல் அந்த அட்டையைத் தேடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

அந்த அட்டையை எடுத்து அருகில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். ஏனெனில், அத்தகைய மாத்திரைகள் அனைத்தும் கைவிட்ட ஒரு மனிதரின் கதையைத்தான் இங்கே கூறப் போகிறோம். அவரைக் காப்பாற்ற வந்தது எது தெரியுமா? சாக்கடை நீரில் கிடைத்த ஒரு வைரஸ்!

எகிப்தில் தொடங்கிய துன்பம்

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மனநலத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றிய டாம் பேட்டர்சன், தம் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டியுடன் எகிப்து நாட்டைச் சுற்றிப் பார்க்கச் சென்றிருந்தார். பிரமிடுகளைக் கண்டு மகிழ்ந்த அவருக்குத் திடீரென்று கடுமையான வாந்தியும் வயிற்று வலியும் ஏற்பட்டன. கணையத்தில் அழற்சி என்று லக்சர் நகரில் கண்டறிந்தனர். நிலைமை மோசமாகவே, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகருக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டார். பித்தப்பைக் கல்லொன்று வழியை அடைத்ததால் வயிற்றினுள்ளே பெரியதொரு நீர்க்கட்டி உருவாகியிருந்தது. அந்தக் கட்டிக்குள் ஒரு பாக்டீரியா குடியேறியிருந்தது.

அதன் பெயர் அசினெட்டோபாக்டர் பௌமானி. மருத்துவமனைகளில் நலிந்து கிடக்கும் நோயாளிகளைத் தேடிப் பற்றும் கொடிய கிருமி இது. ஈராக் போரில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் ‘ஈராக்கிபாக்டர்’ என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு. தொடக்கத்தில் ஒரு சில ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கேனும் அது பணிந்தது. பேட்டர்சன் சான் டியேகோ திரும்பிய பின், சில வாரங்களில், அந்த மருந்துகளும் பயனற்றுப் போயின.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கட்டியிலிருந்து நீரை வடிக்கப் பொருத்தியிருந்த குழாய் நழுவியது. கிருமிகள் நிறைந்த நீர் வயிற்றுக்குள்ளும் குருதியிலும் பரவியது. அவர் நினைவிழந்தார். நீரிழிவோ புற்றுநோயோ அவரைச் சாய்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, மருத்துவ வசதி அனைத்தும் நிறைந்த நகரில் ஒரு பேராசிரியரைக் கொன்றுகொண்டிருந்தது. மருத்துவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள்.

மருந்து தோற்பது ஏன்?

இங்கே வாசகர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊசியில் அடங்கிய கிருமிகள் இன்று அடங்க மறுப்பது ஏன்?

ஆண்டிபயாடிக் மருந்து உடலுக்குள் செல்லும்போது கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுடன் மோதுகிறது. பெரும்பாலானவை மாண்டுவிடுகின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு, பிறவியிலேயே அமைந்த ஏதோ ஒரு மாற்றத்தால் தப்பிப் பிழைக்கின்றன. போட்டியாக இருந்தவை ஒழிந்தபின் இடமும் உணவும் பிழைத்தவற்றுக்கே உரியவை. அவை பெருகுகின்றன. பாக்டீரியாக்கள் இந்த வித்தையைத் தம் வாரிசுகளுக்கு மட்டும் விட்டுச் செல்வதில்லை. அருகிலிருக்கும் வேற்றினப் பாக்டீரியாவுக்கும் மரபணு வழியே கைமாற்றி விடுகின்றன.

எனவே, எவ்வளவுக்கு எவ்வளவு தேவையின்றி மருந்தைப் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு தப்பிப் பிழைக்கும் கிருமிகளை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதனை எச்சரித்தார். போதாத அளவில் மருந்தை உட்கொள்பவன், கிருமிக்கு எதிர்க்கும் பாடத்தைக் கற்றுக் கொடுக்கிறான் என்பதே அவர் கூறியதன் சாரம். உலகம் மருந்தை வாங்கிக் கொண்டது. எச்சரிக்கையை வாங்கிக் கொள்ளவில்லை.

விளைவு என்ன? 2021ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகெங்கும் ஏறத்தாழ 11 லட்சத்து 40 ஆயிரம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அவை ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடைய மரணங்கள் ஏறத்தாழ 47 லட்சம்!

மறந்து போன ஒரு மருத்துவம்

கணவரின் நிலை கண்டு ஸ்ட்ராத்டி கலங்கினாலும் ஒடுங்கிவிடவில்லை. அவரும் அதே பல்கலைக்கழகத்தில் தொற்றுநோய்ப் பரவலை ஆராயும் பேராசிரியர். நினைவற்றுக் கிடந்த கணவரின் காதருகே குனிந்து, உங்களுக்கு வாழ விருப்பமிருந்தால் என் கையை அழுத்துங்கள் என்றார். சற்று நேரத்தில் அந்தக் கை அழுத்திற்று. அன்றிலிருந்து அவர் இரவு பகலாக ஆராய்ச்சி ஏடுகளைப் புரட்டலானார். அப்போது அவர் கண்ணில் பட்டதுதான் ‘பாக்டீரியோஃபேஜ்’ என்னும் பழைய பெயர்.

பாக்டீரியாவை உண்பது என்பது அச்சொல்லின் பொருள். சுருக்கமாக ‘ஃபேஜ்’ என்பர். இது ஒரு வைரஸ். ‘வைரஸா?’ என்று அஞ்ச வேண்டாம். சளிக்காய்ச்சலைத் தரும் வைரஸ் மனித உயிரணுவைத் தாக்குவது. ஃபேஜோ மனித உயிரணுவைத் தாக்காது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். அதிலும் ஒவ்வொரு ஃபேஜும் குறிப்பிட்ட வகைப் பாக்டீரியாவைத்தான் தேடும். மற்றவற்றைத் திரும்பியும் பாராது. பல ஃபேஜ்களுக்குத் தலையும் வாலும், வாலின் நுனியில் கால் போன்ற இழைகளும் உண்டு. அக்கால்களால் பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து, தன் மரபுப் பொருளை அதனுள்ளே செலுத்தும். அதன் பின் பாக்டீரியா தனக்காக உழைப்பதை விட்டு, ஃபேஜ்களை உற்பத்தி செய்யும் ஆலையாக மாறிவிடும். முடிவில் அது வெடித்துச் சிதற, உள்ளிருந்து பல பத்து ஃபேஜ்கள், சில வேளை நூற்றுக்கணக்கில், வெளியேறி அடுத்த இரையைத் தேடிச் செல்லும்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1896ஆம் ஆண்டு ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேன்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை ஆகிய ஆறுகளின் நீரில் காலராக் கிருமிகள் மடிவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அந்த ஆற்றல் அழிவதையும் கண்டு எழுதினார். அது ஃபேஜின் செயலாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் கருதினர். 1915ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ட்வார்ட்டும், 1917ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயரிட்டவர் டெரெல். வயிற்றுக்கடுப்பால் வாடிய நோயாளிகளுக்கு ஃபேஜைக் கொடுத்துப் பார்த்த அவர், 1927ஆம் ஆண்டு பஞ்சாபுக்கே வந்து காலரா நோயாளிகளிடமும் அதனைச் சோதித்தார்.

அவருடைய நண்பரான ஜார்ஜி எலியாவா, 1923ஆம் ஆண்டு ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் இதற்கென ஓர் ஆய்வு நிலையம் கண்டார். 1937ஆம் ஆண்டு ஸ்டாலின் ஆட்சியில் அவர் கொல்லப்பட்டார். நிலையம் மட்டும் அழியவில்லை. 1940களில் பென்சிலின் பெருக்கெடுத்து வந்தபோது மேலை நாடுகள் ஃபேஜை மறந்தன. திபிலிசியில் அந்த மருத்துவம் விடாது தொடர்ந்தது.

சான் டியேகோவில் விடிந்தது

ஸ்ட்ராத்டி, பேட்டர்சனின் மருத்துவரும் நண்பருமான ராபர்ட் ஸ்கூலியிடம் தம் எண்ணத்தைக் கூறினார். உலகெங்குமுள்ள ஃபேஜ் ஆய்வாளர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ரைலண்ட் யங் உதவ முன்வந்தார். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகமும் தன் சேமிப்பிலிருந்து தேடித் தந்தது. பேட்டர்சனின் உடலிலிருந்து எடுத்த கிருமியின் மீது ஃபேஜ்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, அதனை அழிப்பவற்றைப் பொறுக்கினர். சாக்கடையிலும் அழுக்கு நீரிலும் கிடைத்தவை அவை! அவற்றைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பை சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏற்றனர். அரசின் மருந்து நிர்வாகமும் அவசர அனுமதி வழங்கியது.

2016 மார்ச் 15 அன்று வயிற்றிலிருந்த குழாய்களின் வழியே முதல் கலவை செலுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து இரத்தக் குழாயிலும் ஃபேஜ் ஏற்றப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே அந்த மனிதர் கண் விழித்தார். அருகே நின்ற மகளின் கையை முத்தமிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ‘ஃபேஜ் என்னும் அற்புத மருந்து’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முடியவில்லை. சில நாட்களில் கிருமி, ஃபேஜையும் எதிர்க்கக் கற்றுக் கொண்டது! மறுபடியும் சாக்கடை நீரில் தேடிப் புதிய ஃபேஜைப் பிடித்தார்கள். அத்துடன் மற்றோர் உண்மையும் ஆய்வகத்தில் தெரிய வந்தது. தனித்து நின்றபோது வலுவிழந்திருந்த மினோசைக்ளின் என்னும் ஆண்டிபயாடிக், ஃபேஜுடன் கைகோத்தபோது கிருமியை ஒடுக்கியது. இரண்டும் சேர்த்து அளிக்கப்பட்டன. 2016 ஆகஸ்டில் பேட்டர்சன் வீடு திரும்பினார். 2018ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் ஃபேஜ் மருத்துவத்துக்கென ஒரு மையம் நிறுவப்பட்டது.

இருதலைக் கொள்ளி எறும்பு

இரண்டும் சேரும்போது அப்படி என்னதான் நிகழ்கிறது? இதனை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்த அலி கோதாதூஸ்த் புகழ்பெற்ற கண் மருத்துவர். மாற்றிப் பொருத்திய கருவிழியை உடல் ஏற்க மறுப்பதைக் காட்டும் ஓர் அறிகுறிக்கு மருத்துவ நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. பிறர் கண்ணுக்கு ஒளி தந்த அவர், 2012ஆம் ஆண்டு இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியில் அறுவை செய்துகொண்டார். அங்கே பொருத்திய செயற்கைக் குழாயில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா பற்றிக்கொண்டது. ஆண்டிபயாடிக் மருந்துகள் அதனை அடக்கி வைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை. மீண்டும் அறுவை செய்வதோ உயிருக்கே ஆபத்து.

இந்தச் சூடோமோனாஸ் மருந்தை எப்படி வெல்கிறது? ஓட்டை விழுந்த தோணியில் புகும் நீரை ஓடக்காரர் இறைத்து இறைத்து வெளியே கொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அது போலவே, உட்புகும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் நுண்ணிய இறைப்பான்கள் அதன் உடற்சுவரில் உள்ளன. யேல் ஆய்வாளர்களான பெஞ்சமின் சானும் பால் டர்னரும், கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டாட்ஜ் என்ற குளத்து நீரில் ஒரு ஃபேஜைக் கண்டெடுத்தனர். அது பாக்டீரியாவின் மேல் உட்காரப் பற்றுக்கோடாகக் கொள்வது அந்த இறைப்பானின் வெளிப்புற வாயையே!

இப்போது பாக்டீரியாவின் திண்டாட்டத்தைப் பாருங்கள். ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் இறைப்பானை மாற்றவோ இழக்கவோ வேண்டும். இறைப்பான் பழுதானால் மருந்து உள்ளே தங்கிக் கொன்றுவிடும். இறைப்பானைக் காத்துக்கொண்டால் ஃபேஜ் கொன்றுவிடும். இருதலைக் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பின் நிலை!

2016ஆம் ஆண்டு, செஃப்டாசிடைம் என்னும் ஆண்டிபயாடிக்குடன் இந்த ஃபேஜ் ஒரே ஒருமுறை அவருடைய நெஞ்சில் செலுத்தப்பட்டது. பின்னர் ஆண்டிபயாடிக்கை அறவே நிறுத்திய பிறகும் சூடோமோனாஸ் திரும்பவில்லை. 2018ஆம் ஆண்டு அவர் காலமானார். ஆண்டுக்கணக்கில் அவரை வாட்டிய அந்தத் தொற்றிலிருந்து விடுபட்டு வாழ இடைக்காலத்தில் அவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

வேறொரு வகையிலும் இவ்விரண்டும் துணை நிற்பதுண்டு. 2007ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், கிருமியைக் கொல்லப் போதாத மிகச் சிறு அளவு ஆண்டிபயாடிக்கே ஃபேஜ்களின் பெருக்கத்தைப் பன்மடங்காக்குவதைக் கண்டனர். அம்மருந்து பட்ட பாக்டீரியா இரண்டாகப் பிரிய இயலாமல் நீண்டு கொண்டே போகிறது. அத்தகைய பாக்டீரியாவுக்குள் ஃபேஜ்கள் மிகுதியாகவும் விரைவாகவும் உற்பத்தியாகின்றன.

அவசரப்பட வேண்டாம்

‘அப்படியானால் இனிக் கவலையில்லை’ என்று பெருமூச்சு விடலாமா? கூடாது. எந்த மருந்தையும் எந்த ஃபேஜுடனும் சேர்த்துவிட முடியாது. ஃபேஜ் பெருகுவதற்குப் பாக்டீரியாவின் உள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இயந்திரத்தையே நிறுத்தும் சில ஆண்டிபயாடிக்குகள் ஃபேஜின் வேலையையும் கெடுத்துவிடும். எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் ஆய்வகத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தோல்விகளும் உண்டு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. தயாரித்து வைத்த ஃபேஜ் நாளடைவில் வீரியம் இழந்ததால், வழக்கமான களிம்பை விட அது மெதுவாகவே வேலை செய்தது.

ஆனால் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. பெல்ஜிய மருத்துவர்கள் முன்னின்று, 12 நாடுகளில் அடுத்தடுத்து ஃபேஜ் சிகிச்சை பெற்ற 100 பேரின் விவரங்களைத் திரட்டி 2024ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினருக்கு உடல்நிலை தேறியது. ஏறத்தாழ 61 விழுக்காட்டினரிடம் நோய்க்கிருமி அறவே நீங்கியது. இவர்களுள் ஃபேஜுடன் ஆண்டிபயாடிக் பெறாதவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 விழுக்காடு குறைவாக இருந்தது! ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத மற்றொரு குழு இதில் இல்லை என்பதால் இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் அது சுட்டும் திசை தெளிவானது. ஃபேஜ் வந்துவிட்டது, ஆண்டிபயாடிக் போய்விடலாம் என்பதல்ல செய்தி. ஃபேஜுக்குத் துணையாக நிற்க ஆண்டிபயாடிக் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே செய்தி.

நம் கையில் இருப்பது

இந்த இடத்தில்தான் வாசகர்களே, உங்கள் அருகிலிருக்கும் மாத்திரை அட்டை கதைக்குள் வருகிறது.

2012ஆம் ஆண்டு நம் சென்னை மாநகரில் மருத்துவ அமைப்புகள் பல கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று உலக மருத்துவ ஏடுகள் பேசிய அதனை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவரான அப்துல் கஃபூர். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடைகளில் ஆண்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் கவலைகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே மைய அரசு முக்கியமான பல ஆண்டிபயாடிக்குகளைத் தனி அட்டவணையில் சேர்த்து, அவற்றை வாங்குவோரின் விவரத்தைக் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டும் என்று விதித்தது. 2016ஆம் ஆண்டு, மாத்திரை அட்டையின் பின்புறம் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு உணர்த்தும் இயக்கமும் தொடங்கியது.

உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிகிறதா? மருத்துவர் சீட்டின்றி இதை உண்ணாதே என்று அது சொல்கிறது. சட்டம் கடை வாசல் வரையில்தான் வரும். வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்க அதனால் முடியாது. அங்கே காவலர் நாம்தாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சாதாரணச் சளி, தும்மல், வைரஸ் காய்ச்சல் ஆகியவற்றை ஆண்டிபயாடிக் குணப்படுத்தாது. ஆகவே அதனைக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். அவர் எழுதிக் கொடுத்தால், சொன்ன வேளையில், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். உடல் தேறிவிட்டது, நிறுத்தலாமா என்ற ஐயம் வந்தால் அவரிடமே கேளுங்கள். மூத்த பிள்ளைக்கு வாங்கியதை இளைய பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கேட்டது என்பதற்காக அடுத்த வீட்டுச் சகோதரிக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். சோப்பிட்டுக் கை கழுவுவதையும், குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதையும் தவற விடாதீர்கள். வராத நோய்க்கு மருந்து தேவையில்லை அல்லவா?

பேட்டர்சனுக்காக நாடு முழுவதும் ஆய்வகங்கள் கதவைத் திறந்தன. கடற்படை உதவிற்று; அரசு அவசர அனுமதி அளித்தது. அப்படியிருந்தும் இறுதியில் ஃபேஜுக்குத் தோள் கொடுக்க ஒரு பழைய ஆண்டிபயாடிக் தேவைப்பட்டது. நாளை நம் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடக்கும்போது, ஃபேஜ் நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். அதனோடு கைகோக்க ஒரு மருந்தாவது வீரியத்துடன் மிச்சமிருக்குமா? அந்த மருந்து நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் உரிய பொருளை, ஒருநாள் காய்ச்சலுக்காக நாம் செலவழித்துவிடலாகாது.

அருகிலிருக்கும் அந்த அட்டையை இனிப் பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள்.